வறட்சிக்கும் கணக்கு உண்டு... விதைக்கும் முன்பே போட்டுப் பார்க்கலாம்!

காரைக்குடி வட்டார நெல் விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

2016-ம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டைக் கைவிட்டது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வழக்கமாகச் சுமார் 440 மி.மீ மழை பெய்யும் மாநிலத்தில், அந்த ஆண்டு கிடைத்தது 168 மி.மீ மட்டுமே. 62 சதவிகிதம் குறைவு. சிவகங்கை மாவட்டத்தைப் போலக் கண்மாயையும் வானத்தையும் நம்பி நெல் விதைக்கும் பகுதிகளில் பயிர் கதிர் விடாமலேயே கருகியது.

2017 ஜனவரி 10 அன்று, அன்றைய முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம், மாநிலத்தின் 32 மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அறிவித்தார். 33 சதவிகிதத்துக்கு மேல் பாதித்த நெல்லுக்கும் மற்ற பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிப் பயிர்களுக்கு 3,000 ரூபாய், நீண்டகாலப் பயிர்களுக்கு 7,287 ரூபாய் என்று நிவாரணம் அறிவிக்கப்பட்டது. நிலவரி தள்ளுபடி, குறுகிய காலப் பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றுவது போன்றவையும் அதில் இருந்தன.

அறிவிப்பு வந்தது தை பிறக்கும் நேரத்தில். ஆனால், உழவு, விதை, களையெடுப்பு, உரம் என்று சம்பாவுக்கான செலவில் பெரும்பகுதி கார்த்திகைக்குள்ளேயே முடிந்துவிட்டது. இது அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் உரிய கதை அல்ல. வறட்சியை அரசு அளந்து முடிப்பது எப்போதும் பயிர் போன பிறகுதான். செலவு செய்வதா, நிறுத்துவதா என்ற முடிவை விவசாயி அதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். அந்த முடிவுக்குத் தேவையான கணக்குகள் கடினமானவை அல்ல. ஒரு நோட்டும், ஒரு மழைமானியும், ஊர்க் கண்மாயைப் பற்றிய அனுபவமும் போதும்.

மொத்த மழையை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான்

சிவகங்கை மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை சுமார் 900 மி.மீ. இதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. கேட்பதற்குப் போதுமான அளவாகத்தான் தெரியும். இந்திய வானிலை ஆய்வுத்துறை, சராசரியிலிருந்து 19 சதவிகிதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அதை 'இயல்பு' என்கிறது. 20 முதல் 59 சதவிகிதம் வரை குறைந்தால் 'பற்றாக்குறை'. 60 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தால் 'மிகப் பெரிய பற்றாக்குறை'.

இரண்டு ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் பருவமழை 400 மி.மீ. முதல் ஆண்டில் வாரத்துக்கு 40 மி.மீ வீதம் பத்து வாரங்கள் பெய்கிறது. இரண்டாம் ஆண்டில் நவம்பரில் ஐந்தே நாளில் 250 மி.மீ கொட்டுகிறது, அக்டோபரில் மீதி சிதறலாகப் பெய்கிறது, டிசம்பரில் வானம் வெளுத்துவிடுகிறது. அலுவலகப் பட்டியலில் இரண்டு ஆண்டுகளுமே 'இயல்பு'. வயலில் முதல் ஆண்டு அறுவடை, இரண்டாம் ஆண்டு பதர்.

அதனால்தான் வறட்சியை மதிப்பிடும்போது மொத்த மழையோடு 'இடைவெளி'யையும் பார்க்கிறார்கள். பருவம் தொடங்கிய பிறகு, மூன்று நான்கு வாரங்கள் தொடர்ந்து வழக்கமான மழையில் பாதிகூடப் பெய்யாவிட்டால், அது வறட்சியின் அடையாளம் என்று மத்திய அரசின் 2016-ம் ஆண்டு வறட்சி மேலாண்மைக் கையேடு சொல்கிறது. ஒரு நாளில் 2.5 மி.மீ-க்குக் குறைவாகப் பெய்தால் அதை மழை நாளாகவே வானிலைத்துறை கணக்கில் எடுப்பதில்லை. தூறலை நம்பி இடைவெளியைக் கணக்கில் விடக் கூடாது.

மண் எத்தனை நாள் தாங்கும்?

இடைவெளி எத்தனை நாள் நீண்டால் ஆபத்து என்பது மண்ணைப் பொறுத்தது. காரைக்குடி, சாக்கோட்டை, கல்லல் பகுதிகளில் மேட்டு நிலம் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும்தான். கண்மாய்க்குக் கீழே உள்ள பள்ளக்காலில் களி கலந்த மண் இருக்கும்.

மணல் கலந்த செம்மண், ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 100 மி.மீ தண்ணீரைப் பயிருக்குக் கொடுக்கும் வகையில் பிடித்து வைக்கும். சரளை அதிகம் என்றால் இன்னும் குறையும். களிப்பாங்கான மண்ணில் இது 180 மி.மீ வரை இருக்கலாம். நெல்லின் வேர் பெரும்பாலும் ஒரு அடி ஆழத்துக்குள்தான். ஆகவே, செம்மண்ணில் நெல்லுக்குக் கையிருப்பு சுமார் 30 மி.மீ, களிமண்ணில் சுமார் 55 மி.மீ.

பயிர் ஒரு நாளைக்கு 5 மி.மீ தண்ணீர் எடுத்தால், செம்மண் கையிருப்பு 6 நாளில் தீரும். களிமண்ணில் 11 நாள் வரும். பாதி தீரும்போதே நெல் வாடத் தொடங்கிவிடும். அதாவது, ஒரே ஊரில், ஒரே மழையில், மேட்டு வயல் மூன்று நான்கு நாளில் வாடும். பள்ளக்கால் வயல் ஒரு வாரம் தாங்கும். நிலக்கடலை, துவரை போன்றவற்றின் வேர் இன்னும் ஆழமாக இறங்குவதால், அதே செம்மண்ணில் அவை கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கின்றன. தொழுவுரம், பசுந்தாள் உரம் தொடர்ந்து இடும் நிலத்திலும் ஈரம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும்.

எவ்வளவு காய்ந்தது என்பதைவிட, எப்போது காய்ந்தது?

தண்ணீர் குறைந்தால் விளைச்சல் எவ்வளவு குறையும் என்பதற்கு ஐ.நா-வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 1979-ல் ஓர் எளிய கணக்கை வெளியிட்டது. ஒவ்வொரு பயிருக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர்ப் பற்றாக்குறையின் சதவிகிதத்தை அந்த எண்ணால் பெருக்கினால், விளைச்சல் இழப்பின் சதவிகிதம் கிடைக்கும். நிலக்கடலைக்கு 0.7, சோளத்துக்கு 0.9, கரும்புக்கு 1.2, மக்காச்சோளத்துக்கு 1.25.

பருவம் முழுவதும் சேர்த்து 30 சதவிகிதம் தண்ணீர் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், நிலக்கடலையில் 21 சதவிகிதம், சோளத்தில் 27, கரும்பில் 36, மக்காச்சோளத்தில் 37 சதவிகிதத்துக்கு மேல் விளைச்சல் போகும். எண் 1-க்குக் கீழே இருந்தால் தாங்கும் பயிர். மேலே இருந்தால் தாங்காத பயிர். நெல்லும் தாங்காத பயிர்களின் பக்கம்தான்.

இது பருவம் முழுவதற்குமான சராசரி. உண்மையான அடி விழுவது பயிரின் வயதைப் பொறுத்து. நெல் தூர் கட்டும்போது பத்து நாள் காய்ந்தால், தூர் எண்ணிக்கை குறையும். பிறகு மழை வந்தால் பயிர் ஓரளவு தேறிக்கொள்ளும். பொதிப் பருவத்திலும் பூக்கும்போதும் அதே பத்து நாள் காய்ந்தால், மகரந்தம் சரியாகச் சேராமல் கதிர் பதராகும். பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் அந்த மணி திரும்பாது. பால் பிடித்த பிறகு காய்ந்தால் மணி சிறுத்து எடை குறையும். நிலக்கடலையில் விழுது இறங்கும்போதும் காய் பிடிக்கும்போதும் ஈரம் இல்லாவிட்டால்தான் பெரிய இழப்பு.

பூக்கும் நாளை முதலில் குறியுங்கள்

நெல் எந்த ரகமாக இருந்தாலும் பூத்ததிலிருந்து அறுவடைக்குச் சுமார் 30 நாள். வயதிலிருந்து 30 நாளைக் கழித்தால் பூக்கும் நாள் தெரிந்துவிடும். புழுதி விதைப்பில், முதல் மழையில் முளைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.

* 120 நாள் ரகம், ஆவணிக் கடைசியில் (செப்டம்பர் 10) முளைத்தால் டிசம்பர் 9 வாக்கில் பூக்கும்.
* 135 நாள் ரகம், செப்டம்பர் 15-ல் முளைத்தால் டிசம்பர் 29 வாக்கில் பூக்கும்.
* 100 நாள் ரகம், அக்டோபர் 1-ல் முளைத்தால் டிசம்பர் 10 வாக்கில் பூக்கும்.
* 120 நாள் ரகம், மழை தாமதமாகி நவம்பர் 1-ல் முளைத்தால் ஜனவரி 30 வாக்கில் பூக்கும்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசியில் ஓயத் தொடங்கும். முதல் வகையும் மூன்றாம் வகையும் மழைக்குள் பூக்கின்றன. இரண்டாம் வகை விளிம்பில் நிற்கிறது. நான்காம் வகைக்குக் கண்மாய்த் தண்ணீர் கையில் இல்லாவிட்டால், விதைக்கும் நாளிலேயே இழப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

மழை தாமதமாகும் ஆண்டுகளுக்கென்றே குறுகிய கால ரகங்கள் இருக்கின்றன. பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி 2009-ல் வெளியான 'அண்ணா ஆர் 4' ரகத்தின் வயது 100 முதல் 105 நாள், வறட்சியைத் தாங்கக்கூடியது. 2020-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'கோ 53' ரகத்தின் வயது 115 முதல் 120 நாள். ஐப்பசி பாதி கடந்தும் நெல் முளைக்கவில்லை என்றால், மேட்டு நிலத்தில் நெல்லைக் கைவிட்டு, 65 முதல் 75 நாளில் முடியும் உளுந்து, 90 நாளில் வரும் குதிரைவாலி, கொள்ளு என்று மாறுவதே பாதுகாப்பு.

கண்மாயில் இருப்பது எத்தனை ஏக்கருக்கு?

ஒரு ஏக்கரில் 1 மி.மீ மழை என்பது சுமார் 4,047 லிட்டர். பத்து லட்சம் கன அடித் தண்ணீரை 7 ஏக்கரில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிறுத்தலாம். இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் கண்மாய்க் கணக்கு எளிது.

கார்த்திகை முதல் வாரத்தில் ஒரு கண்மாயில் 50 ஏக்கரில் தண்ணீர் நிற்கிறது என்று கொள்வோம். மடைமட்டத்துக்கு மேல் சராசரி ஆழம் 2 அடி. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. மூன்றையும் பெருக்கினால் சுமார் 43.5 லட்சம் கன அடி. பயிருக்கு இன்னும 60 நாள் தண்ணீர் வேண்டும். கசிவும் சேர்த்து நாளுக்கு 10 மி.மீ என்றால் 600 மி.மீ. இடையில் மழையே இல்லை என்று வைத்தால், இந்தத் தண்ணீர் 50 ஏக்கருக்குப் போதும். ஆனால், வெயிலிலும் வாய்க்காலிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். மிஞ்சுவது 30 ஏக்கருக்குத்தான்.

ஆயக்கட்டு 80 ஏக்கர் என்றால், 50 ஏக்கர் மழையை மட்டுமே நம்பி நிற்கிறது. அது எந்த 50 ஏக்கர் என்பது ஊருக்கே தெரியும்; கடைமடைதான். இந்தக் கணக்கைக் கார்த்திகையில் ஊர் கூடிப் போட்டால், கடைமடை வயலுக்கு மேலுரம் வாங்கும் செலவையாவது நிறுத்தலாம். முறைவைத்துத் தண்ணீர் விடுவதையும் முடிவு செய்யலாம். வரத்துக்காலில் ஆக்கிரமிப்போ, மண்மேடோ இருந்தால், மழை பெய்தும் கண்மாய் நிரம்பாது. அதைப் புரட்டாசிக்கு முன்பே பார்க்க வேண்டும்.

ஏழு ஆண்டுக் கணக்கு

வறட்சி அபாயம் என்பது மழை தவறுவது மட்டும் அல்ல. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தவறுகிறது, தவறும்போது எவ்வளவு பணம் வயலில் கிடக்கிறது, அந்த இழப்பைக் குடும்பம் தாங்குமா... இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அபாயம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு ஏக்கர் நெல்லுக்குச் செலவு 20,000 ரூபாய். நல்ல ஆண்டில் செலவு போக லாபம் 8,000 ரூபாய். மழை தவறினால் செலவு முழுவதும் போகிறது.

* ஏழு ஆண்டில் ஒருமுறை தவறினால்: லாபம் 48,000, நஷ்டம் 20,000. மிச்சம் 28,000 ரூபாய்.
* இரண்டு முறை தவறினால்: லாபம் 40,000, நஷ்டம் 40,000. மிச்சம் எதுவும் இல்லை.
* மூன்று முறை தவறினால்: லாபம் 32,000, நஷ்டம் 60,000. கையை விட்டுப் போவது 28,000 ரூபாய்.

அதே நிலத்தில் உளுந்துக்குச் செலவு 8,000, நல்ல ஆண்டு லாபம் 5,000 என்று வைத்தால், மூன்று முறை தவறினாலும் ஏழு ஆண்டு நஷ்டம் 4,000 ரூபாய்தான். நல்ல ஆண்டில் நெல்லே மேல். அடிக்கடி தவறும் நிலத்தில் உளுந்து கையைக் கடிக்காது. ஒவ்வொருவரும் தங்கள் செலவையும் தங்கள் வயலின் கடந்த ஏழு ஆண்டையும் போட்டுப் பார்த்தால், எந்த வயலில் நெல், எந்த வயலில் மாற்றுப்பயிர் என்பது தெளிவாகும். பள்ளக்காலுக்கு ஒரு விடையும் மேட்டுக்கு வேறு விடையும் வருவது இயல்பு.

காப்பீட்டில் இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

2016-ல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதம். தமிழ்நாட்டில் நெல்லுக்கு அலகு, வருவாய் கிராமம். அந்தக் கிராமத்தில் குறைந்தது நான்கு இடங்களில், நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுத்து, சராசரி விளைச்சலைக் கண்டுபிடிக்கிறார்கள்.

கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்து ஆண்டுகளின் சராசரி ஏக்கருக்கு 1,400 கிலோ என்று வைப்போம். ஈட்டுறுதி அளவு 80 சதவிகிதம் என்றால், உத்தரவாத விளைச்சல் 1,120 கிலோ. இந்த ஆண்டு கிராமச் சராசரி 560 கிலோ என்றால், பாதி குறைவு. காப்பீட்டுத் தொகையில் பாதி கிடைக்கும்.

இங்கேதான் கடைமடை விவசாயிக்குச் சிக்கல். கிராமத்தில் பாதி வயலில் 1,400 கிலோ, மீதி வயலில் 400 கிலோ என்றால், சராசரி 900 கிலோ. குறைவு சுமார் 20 சதவிகிதம்தான். 400 கிலோ எடுத்தவருக்கும் இழப்பீடு அந்த 20 சதவிகிதம்தான். ஆகவே, கடைமடையிலும் மேட்டிலும் பயிர் செய்பவர் காப்பீடு இருக்கிறது என்று நம்பி முழுச் செலவையும் இறக்கக் கூடாது. காப்பீடும் வேண்டும், செலவைக் குறைத்து அபாயத்தைப் பிரிப்பதும் வேண்டும்.

நடுவில் காய்ந்தால் செய்ய வேண்டியவை

* புழுதி விதைப்புக்கு முன், 1 சதவிகிதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் (லிட்டருக்கு 10 கிராம்) விதையை 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால், இளம் பயிர் வறட்சியைக் கூடுதலாகத் தாங்கும். விதைக்குச் சம அளவு கரைசல் போதும்.
* ஈரம் குறையும்போது 2 சதவிகித டி.ஏ.பி, 1 சதவிகிதப் பொட்டாஷ் கரைசலை இலைவழி தெளிக்கலாம். டி.ஏ.பி-யை முதல் நாளே ஊறவைத்துத் தெளிந்த நீரை எடுக்க வேண்டும்.
* வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.பி.எஃப்.எம் நுண்ணுயிர்க் கரைசலை லிட்டருக்கு 10 மி.லி கலந்து காலையிலோ மாலையிலோ தெளிக்கலாம்.
* காய்ந்த வயலில் யூரியா போடக் கூடாது. மழை வந்த பிறகே மேலுரம்.
* களை குடிக்கும் தண்ணீர் பயிருக்கு உரியது. இடைவெளி தொடங்கும் முன்பே களையை எடுத்துவிட வேண்டும்.

இவை சில நாள்களை வாங்கித் தரும். பூக்கும் பருவத்தில் மூன்று வார வறட்சியை எந்தத் தெளிப்பும் ஈடு செய்யாது.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

*'எல் நினோ ஆண்டு' என்று செய்தி வந்தால் சம்பா நெல்லைத் தவிர்க்க வேண்டுமா?*

வேண்டியதில்லை. எல் நினோ பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையைத்தான் குறைக்கிறது. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை பல எல் நினோ ஆண்டுகளில் கூடியிருக்கிறது. 2015 எல் நினோ ஆண்டு; அந்த டிசம்பரில்தான் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2016-ல் அதற்கு எதிரான லா நினா லேசாக இருந்தது, வறட்சி வந்தது. ஆனால், 2021-ல் லா நினா இருந்தும் மழை கொட்டியது. அந்தப் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

*வறட்சியில் பயிர் காய்ந்தால் 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா?*

72 மணி நேரக் கெடு, ஆலங்கட்டி மழை, வெள்ளம் சூழ்தல் போன்ற, தனி வயலுக்கு நேரும் பாதிப்புகளுக்கு உரியது. வறட்சி கிராம அளவில் மதிப்பிடப்படுவதால் தனி மனு கட்டாயமில்லை. ஆனால், காப்பீடு செய்த பயிரும் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில் உள்ள பயிரும், சர்வே எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பதிவுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும்; ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பைப் பார்ப்பது நல்லது.

*வீட்டிலேயே மழையை அளக்க முடியுமா?*

வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான டப்பாவை, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு ஸ்கேலால் அளந்தால் போதும். தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் நின்றால் 10 மி.மீ மழை. வானிலைத்துறையும் அதே நேரத்தில்தான் கணக்கெடுக்கிறது.

*யாரிடம் ஆலோசனை கேட்பது?*

குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையமும், செட்டிநாட்டில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையும் அணுகலாம். செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வெளியாகும் வானிலை சார்ந்த வேளாண் ஆலோசனைகளை 'மேகதூத்' செயலியில் தமிழிலேயே படிக்கலாம்.

நோட்டில் எழுத வேண்டிய ஐந்து

1. தினசரி மழை.
2. ஒவ்வொரு வயலும் முளைத்த நாள், பூக்க வேண்டிய நாள்.
3. வாரம் ஒருமுறை கண்மாய் மடையில் நீர்மட்டம்.
4. அன்றுவரை ஏக்கருக்கு ஆன செலவு.
5. அறுவடையில் ஒவ்வொரு வயலும் கொடுத்த மூட்டை.

முதல் ஆண்டில் இந்த நோட்டு பெரிதாக எதுவும் சொல்லாது. மூன்று நான்கு ஆண்டு எழுதியபின், எந்த வயல் எத்தனை நாள் இடைவெளியைத் தாங்குகிறது, கண்மாய் எந்த அளவுக்கு வந்தால் கடைமடை தப்புகிறது என்பது அதிலேயே தெரியும். அதிகாரிகள் பாதிப்பைப் பார்க்க வரும்போதும், கடன் சங்கத்தில் பேசும்போதும், வாய்ச்சொல்லைவிட அந்தப் பக்கங்களுக்கு மதிப்பு அதிகம்.